மருதனுக்கு வாக்கு மூன்று

விழுந்த பூதத்தை இரண்டு பூதங்கள் தூக்கிக்கொண்டு போயின.

தனபால் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டை வாசல். கட்டம் கட்டமாகத் தெரியும் அந்தக் காலத்துப் படம். வாசலில், அவனே வார்த்து அனுப்பிய வீரன் மருதன், கையில் ஒரு கோடு போலத் தெரியும் தடியோடு நிற்கிறான். எதிரே பச்சைப் பூதங்கள், எல்லாம் ஒரே அச்சு. மருதன் ஓங்கிப் போட்ட போட்டில் ஒரு பூதம் சாய்ந்தது. வழக்கப்படி அது இரண்டு முறை மினுங்கிவிட்டு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. கூட்டத்திலிருந்து இரண்டு பூதங்கள் ஓடிவந்து, ஒன்று காலையும் ஒன்று தோளையும் பிடித்து, அதை இழுத்துக்கொண்டு திரையை விட்டே வெளியேறின.

"ஏனுங்க இஞ்ஞாசிண்ணா, இதைச் சித்தப் பாருங்க."

பக்கத்து மேஜையிலிருந்த இஞ்ஞாசிமுத்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். கருமத்தம்பட்டிக்காரர். அறுபதை நெருங்குகிறவர். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தி, பள்ளிக்கூடத்துப் பையன்களை எல்லாம் கெடுத்தவர் என்று பெயர் வாங்கியவர்.

"புது வெர்சனா இருக்கும். பூதமெல்லாம் சங்கம் வெச்சிருச்சோ என்னவோ. வேலையைப் பாரு சாமி."

"சங்கமா? கையில ஒரு கல்லு கூட இல்லீங்ணா அதுங்ககிட்ட. முப்பது வருசமா எத்தனை பூதத்தைக் கொன்னிருப்பேன். வெறுங்கையோட சண்டைக்கு வர்ற பூதத்தையும் பாத்ததில்ல, விழுந்தவனைத் தூக்கிட்டுப் போற பூதத்தையும் பாத்ததில்ல."

இஞ்ஞாசி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். எழுந்தார். சட்டையின் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார்.

இதுவும் தனபாலுக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் இரண்டு செல்போன்கள் உண்டு. ஒன்று எப்போதும் மேஜையில் கிடக்கும். இன்னொன்று மாடிப்படியில் மட்டும்தான் வெளியே வரும். அவர் படியிறங்கித் திரும்பி வந்து உட்கார்ந்தால், மதியத்துக்குள் ஏதாவது ஒரு வாசலில் பூதங்கள் கூட்டமாய்க் கிளம்பும். ஒருமுறை நடந்தால் தற்செயல். நாலைந்து முறை பார்த்தாயிற்று.

கம்பெனிக்கு ஒற்று வேலை பார்க்கிறாரா? பார்த்தால் யாரை?

அரண் என்ற அந்த நிறுவனம் அவிநாசி ரோட்டில், மூடிப்போன ஒரு நூற்பாலையின் மாடியில் இருந்தது. 'பழைய கம்ப்யூட்டர் ஆட்டங்களில் போர்வீரன் வார்க்கத் தெரிந்தவர்கள் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்தபோது யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் தனபால் நினைத்தான். அவனுக்கு நாற்பத்தைந்து வயது. வேறு எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. பத்தாவது படிக்கும்போது, இங்கிலீஷ் தெரியாமலே அகராதியை வைத்துக்கொண்டு ஆடிப் பழகிய ஆட்டங்கள்தான் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை. அதற்குச் சம்பளம் தருகிறேன் என்கிறார்கள். ஜப்பான்காரனுக்குப் பழைய ஆட்டம் என்றால் உயிர், அங்கே விற்கப் போகிறோம் என்று காரணமும் சொன்னார்கள்.

வேலை எளிது. திரையில் ஒரு ஆள் வருவான். பெயர் இருக்காது, வார்க்கிறவன் வைத்துக்கொள்வதுதான். பலம், தாக்குப்பிடிப்பு, வேகம், புத்தி, நிதானம், வாக்கு என்று ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மூன்றுக்குக் கீழே போகக் கூடாது, பதினெட்டுக்கு மேலே ஏறாது. ஒன்றில் எடுத்து இன்னொன்றில் போடலாம், மொத்தம் மாறாது. போட்டு முடித்து 'உறுதி' என்று அழுத்திவிட்டால் அவ்வளவுதான், திரும்ப மாற்ற முடியாது. அந்தக் கால ஆட்டங்களின் கண்டிப்பு அப்படியே.

கற்றுக்குட்டிகள் எல்லாவற்றையும் பலத்தில் கொட்டுவார்கள். அப்படி வார்த்த வீரன் முதல் ஐந்து நிமிஷம் சிங்கம், பிறகு மூச்சிரைத்துச் சாவான். தனபால் முதலில் தாக்குப்பிடிப்பைத்தான் பார்ப்பான். பதினாறு வேண்டும். வேகமும் பதினாறு வேண்டும், அப்போதுதான் எதிரி ஒரு அடி அடிப்பதற்குள் இவன் இரண்டு அடி அடிப்பான். புத்தி ஏழுக்குக் குறைந்தால் சொன்ன உத்தரவு மண்டையில் நிற்காது. நிதானம் ஒன்பதுக்குக் குறைந்தால் கூட்டத்தைக் கண்டு ஓடிவிடுவான். இதற்கெல்லாம் புள்ளி எங்கிருந்து வரும்? வாக்கிலிருந்துதான். வாசலில் நின்று அடிக்கிறவனுக்குப் பேச்சு எதற்கு? ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் கைவந்த பழக்கம் அது. வாக்கை உருவு, மூன்றில் நிறுத்து, மிச்சத்தைத் தசையில் போடு.

மருதன் வந்த நாள் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பலம் வெறும் பன்னிரண்டு, தாக்குப்பிடிப்பு பத்து. ஆனால் வாக்கு பதினெட்டு. முழுப் பதினெட்டு. அப்படி ஒரு எண் வருவது லாட்டரி மாதிரி. பதினைந்து புள்ளிகளை ஒரே இழுப்பில் உருவி எடுத்து, பலத்துக்கு ஆறு, தாக்குப்பிடிப்புக்கு ஆறு, வேகத்துக்கு மூன்று என்று போட்டபோது இஞ்ஞாசியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவருக்கு அது பிடித்த மாதிரி தெரியவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டான்.

மதியம் தங்கை மேகலாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"ண்ணா, சாயங்காலம் வர முடியுமா?"

"என்ன கண்ணு, குரலே சரியில்ல."

"வாங்ணா. போன்ல சொன்னா உங்களுக்குப் புரியாது."

அப்பாவும் அம்மாவும் போனபிறகு தனபாலுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். ஒண்டிப்புதூரில் வாடகை வீடு. அவள் புருஷன் குமரவேல் ஏல மண்டியில் கூவிக்கொண்டிருந்தவன். தக்காளிக் கூடையைப் பார்த்து அவன் விலை கூவ ஆரம்பித்தால், வாங்க வராதவனும் கையைத் தூக்குவான். மண்டி மொத்தமும் செல்போனுக்குள் போனபிறகு கூவ ஆள் தேவைப்படவில்லை. ஏதோ ஒரு ஏஜென்ட் மூலமாகக் காவல் வேலைக்குச் சேர்ந்தான். ஓசூரில் மூன்று வாரம் பயிற்சி. 'மச்சான், நீங்க கம்ப்யூட்டர்ல வாளைப் புடிங்க, நான் நெசத்துல தடியப் புடிக்கறேன், குடும்பத்துக்கே வீரப் பரம்பரைன்னு பேரு வெச்சுக்கலாம்' என்று சிரித்துவிட்டுப் போனவன் வந்து ஒரு மாதம் ஆகிறது. தனபால் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

போனபோது குமரவேல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தோள் இரண்டும் அகன்று, கழுத்து தடித்து, ஆளே மாறியிருந்தான். வலது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பொட்டளவுக்கு ஒரு மேடு.

"என்ன மாப்ள, ஜிம்முக்குப் போறியா?"

குமரவேல் அவனைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. கை இரண்டையும் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான்.

"இப்படித்தாங்ணா," மேகலா சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கிசுகிசுத்தாள். "வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசல. தட்டுல போட்டா திங்கறாரு. பொழுது சாஞ்சா தூங்கறாரு. நேத்து அவரு முன்னாடியே நின்னு அழுதேன். எம்பட கண்ணுல தண்ணி ஓடுதுங்ணா, அதைச் செவுத்துல ஓடற மாதிரி பாக்கறாரு."

"டாக்டர்கிட்ட?"

"போனேன். ஒடம்பு இரும்பு மாதிரி இருக்காம். குடுத்து வெச்சவங்கறாரு அந்த ஆளு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஏதோ மருந்து போட்டு வசியம் பண்ணிட்டாங்களாட்டம் இருக்குது. எனக்கு நெம்ப வெசனமா இருக்குதுங்ணா. நீங்கதான் என்னன்னு கண்டுபுடிக்கணும்."

மறுநாள் தனபால் லீவு போட்டான். குமரவேலின் மதியச் சாப்பாட்டை மேகலாவிடம் வாங்கிக்கொண்டு, சூலூர்ப் பக்கம் அவன் காவலிருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனான். அங்கிருந்துதான் சுற்று வட்டாரம் முழுவதற்கும் லாரியில் தண்ணீர் போகிறது. தனியார் நிலையம். காசு கட்டிய தெருவுக்கு முதலில் தண்ணீர், கட்டாத தெருவுக்கு மிச்சம் இருந்தால்.

வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தவன், சாவியை எடுக்காமல் வாசலையே பார்த்தான்.

வளைவு வைத்த வாசல். வலது பக்கம் இரண்டு தொட்டிகள். இடது பக்கம் பாதி இடிந்த மதில், அதையொட்டி ஒரு வேப்பமரம். இந்த இடத்துக்கு அவன் இதுவரை வந்ததே இல்லை. ஆனால் தினமும் பார்க்கிறான். அவன் திரையில் வரும் பாதாளக் கோட்டையின் மூன்றாம் வாசல். தொட்டிகள் அங்கே கோபுரம், வேப்பமரம் அங்கே பச்சைச் சதுரம். இடிந்த மதிலில் அதே இடத்தில் அதே ஓட்டை.

வாசலில் குமரவேல் நின்றுகொண்டிருந்தான், மருதன் நிற்கும் அதே இடத்தில்.

மதிலோரம் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை தனபாலிடம், "உங்க ஆளுங்களா இவரு?" என்றாள். "நேத்து எங்க ஊட்டுக்காரரு தோளை ஒடைச்சுப் போட்டாருங்க. லாரி ஏன் வரலைன்னு கேக்கத்தான் போனோம். ரெண்டு பேரு தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேத்தோம். இவருகிட்ட கெஞ்சினாலும் புரிய மாட்டேங்குது, திட்டினாலும் புரிய மாட்டேங்குது. மெஷினுங்களா?"

தனபால் தூக்குப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு, லீவு என்பதையும் மறந்து நேரே அலுவலகத்துக்கு வண்டியை விட்டான்.

அரணின் மேலாளர் வினோதினிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நிதானமாகப் பேசுகிறவள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவனை உட்காரச் சொன்னாள். அவன் சொன்னது முழுவதையும் கேட்டுக்கொண்டாள். மறுப்பாள் என்று எதிர்பார்த்தான். மறுக்கவில்லை.

"எப்படியும் ஒரு நாள் தெரியத்தான் போகுது. ஆனா சொந்தக்காரருன்னு எனக்குத் தெரியாதுங்க சார். எங்ககிட்டயும் நம்பர் மட்டும்தான்."

"மனுசன் மூளைல கை வெச்சிருக்கீங்க."

"காதுக்குப் பின்னாடி வெக்கற சிப்பு புதுசா எதையும் குடுக்கறதில்ல, எதையும் அழிக்கறதும் இல்ல. மூளைக்குன்னு ஒரு சக்தி இருக்கு. அதை ஒரு எடத்துல கொறைச்சு இன்னொரு எடத்துல கூட்டுது. அவ்வளவுதான். அவங்களா கையெழுத்துப் போட்டுத்தான் வர்றாங்க. ஒடம்பு நல்லாகும், பேச்சு கொஞ்சம் கொறையும்னு அதுலயே இருக்கு."

"கொஞ்சமா?"

"எவ்வளவுங்கறதை நீங்கதான சார் போட்டீங்க."

தனபால் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"மொதல்ல டாக்டருங்களைத்தான் வெச்சிருந்தோம்," வினோதினி தொடர்ந்தாள். "ஒரு புள்ளி எடுக்க ஒரு வாரம் யோசிப்பாங்க. ஆளைப் பாக்கணும்பாங்க, குடும்பத்தோட பேசணும்பாங்க. மனுசன்னு தெரிஞ்சா யாருக்கும் கை வராதுங்க. அப்புறம்தான் உங்களை மாதிரி ஆளுங்க ஞாபகம் வந்துச்சு. வாசல் கேமராவுல விழறதை ஆட்டப் படமா மாத்திக் காட்டினோம். பதினெட்டை மூணாக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

ஒரு இழுப்பு.

"வாக்குன்னா வாய் மட்டும் இல்ல," என்றாள் அவள். "எதிர்ல நிக்கறவங்க மூஞ்சியப் பாத்து மனசைப் படிக்கறது, ஆளை அடையாளம் கண்டு எளகறது, எல்லாமே அதுக்குள்ளதான் இருக்கு. மூணுல நிறுத்தினா உயிரோட இருக்கறதுக்குத் தேவையானது மட்டும்தான் மிஞ்சும்."

"திருப்பி வெச்சிருங்க. பலத்துல இருந்து எடுத்து வாக்குல போடுங்க. அவன் வேலைக்கே வர வேண்டாம்."

"முடியாது சார். 'உறுதி' அழுத்தினப்பறம் அந்த இணைப்பெல்லாம் எறுகிப் போயிரும். பலவந்தமா எறக்கினா ஆள் படுக்கையில விழுந்துருவாரு." ஒரு கணம் தயங்கினாள். "ஒரே வழி இருக்கு. அது உங்களுக்கே தெரியும்."

தெரிந்தது. ஆட்டத்தில் வீரன் அனுபவம் சேர்க்கச் சேர்க்க, திரையின் அடியில் ஒரு பட்டை நிறைந்துகொண்டே வரும். நிறைந்தால் ஒரு படி ஏறுவான். படிக்கு ஒரு புள்ளி இலவசம். எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

"சண்டை நடக்கறப்போ மூளைல புது இணைப்பு முளைக்குது," என்றாள் வினோதினி. "அப்ப மட்டும் ஒரு புள்ளி நம்ம கைக்குச் சிக்கும். சும்மா நின்னா முளைக்காது. கம்பெனி அதைப் பலத்துல போடச் சொல்லும். நீங்க எங்க போட்டாலும் நான் பாக்கல. எனக்கும் மனசிருக்கு சார்."

அவளை நம்புவதா, இதுவும் ஒரு தூண்டிலா என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தான். கதவுக்கு வெளியே இஞ்ஞாசி நின்றிருந்தார். கேட்டிருப்பாரோ?

"என்னங்ணா, ஒட்டுக் கேக்கறீங்களா?"

"டீ குடிக்கப் போறேன். நீயும் வர்றியா?"

"உங்ககூட டீ குடிக்கற அளவுக்கு நான் இன்னும் எறங்கல."

இஞ்ஞாசி கோபித்துக்கொள்ளவில்லை. "மூஞ்சியக் கழுவிட்டு வந்து உக்காரு. எல்லாரும் பாக்கறாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் போனார்.

அன்று மதியம் மூன்றாம் வாசலுக்குப் பூதங்கள் வந்தன.

தனபால் இப்போது அவற்றைப் பூதங்கள் என்று நினைக்க முடியாமல் தவித்தான். திரை என்னவோ அதே பச்சையைத்தான் காட்டியது. மருதன் இடது பக்கம் திரும்பி முதல் அடியைப் போட்டான். ஒரு பச்சை விழுந்தது. இன்னொன்று. கீழே பட்டை மெல்ல நகர்ந்தது. யாருக்கோ தோள் உடைகிறது, யாருக்கோ மண்டை பிளக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லச் சொல்ல, கண் மட்டும் பட்டையை விட்டு நகரவில்லை. முக்கால் வாசி. அதற்கும் மேலே. கூட்டம் கலைய ஆரம்பித்தது. பட்டை நிறைய இன்னும் ஒரு நூலிழைதான் பாக்கி.

'போயிறாதீங்க. இன்னும் ரெண்டே பேரு.'

அப்படி நினைத்தது தான்தான் என்று தெரிந்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குள் இரண்டு பூதங்கள், விழுந்தவனைத் தூக்கவோ என்னவோ, திரும்பி ஓடிவந்தன. மருதன் இருவரையும் சாய்த்தான். பட்டை நிறைந்தது. திரை பளிச்சென்று ஒருமுறை மின்னி, 'ஒரு புள்ளி' என்றது.

அதை வாக்கில் போட்டான். நான்கு.

மறுநாள் காலை பல் விளக்குவதற்குள் மேகலா கூப்பிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ண்ணா, பேசினாருங்ணா."

"என்ன சொன்னான்?"

"உப்புன்னாரு."

"என்னது?"

"கொழம்பை ஊத்தினேன். ஒரு வாய் வெச்சாரு. உப்புன்னாருங்ணா. கம்மிங்கறாரா, அதிகம்ங்கறாரா, அது தெரியல. நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். ஆனா வாயத் தொறந்து சொன்னாரு. அந்தக் கொரல் அப்படியே இருக்குதுங்ணா." மூக்கை உறிஞ்சினாள். "என்ன பண்ணுனீங்க நீங்க?"

"ஒண்ணும் பண்ணல கண்ணு. தானா சரியாயிரும்."

"சீக்கிரம் ஆகுமாங்ணா?"

அலுவலகத்துக்குப் போய் முதல் வேலையாக மருதனின் பட்டையைத் திறந்து பார்த்தான். காலியாக இருந்தது. அடுத்த புள்ளிக்குப் போன தடவையைப் போல இரண்டு மடங்கு. அதற்கடுத்து நான்கு மடங்கு. அதுவும் பழைய ஆட்டங்களின் கண்டிப்புதான். ஒரு மனிதன் மனிதனாகப் பேச வாக்கு குறைந்தது ஒன்பது வேண்டும். மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டான்.

இஞ்ஞாசி எழுந்து மாடிப்படிக்குப் போனார். இந்த முறை தனபால் பின்னாலேயே போனான். இரண்டாவது திருப்பத்தில், ஜன்னலோரம், அந்த இன்னொரு போனில் அவர் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பாய்ந்து பிடுங்கினான்.

திரையில் பாதி எழுதிய செய்தி. 'அவசரம். அனைவருக்கும் பகிரவும். பெட்ரோல் கிடங்கில் ஸ்டாக் இருந்தும் இல்லை என்கிறார்கள். இன்று நேரில் வந்தால் மட்டும்...'

"கம்பெனிக்காகக் கூட்டம் கூட்டி விடறீங்க," என்றான் தனபால். மூச்சு வாங்கியது. "அடி வாங்கறதுக்குன்னே ஆள் புடிச்சு அனுப்பறீங்க. எத்தனை குடுக்கறாங்க உங்களுக்கு?"

இஞ்ஞாசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கம்பெனிக்கு இதுல ஒண்ணும் இல்ல சாமி. பெட்ரோல் கிடங்கு வாசல்ல நிக்கறவன் எம்பட பையன். செபஸ்தியான்."

தனபாலின் பிடி தளர்ந்தது.

"எல்லாத்துக்கும் போடற மாதிரிதான் அவனுக்கும் போட்டேன். வாக்கு மூணு. உறுதி. பேரில்லாம வந்தான், எனக்கென்ன தெரியும்? வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப ஆறுக்குக் கொண்டாந்துட்டேன். போன மாசம் அப்பான்னு கூப்ட்டான். திட்டறதுக்குத்தான் கூப்ட்டான், இருந்தாலும் கூப்ட்டான்."

"போலீசுக்குப் போயிருக்கலாமுங்களே."

"போனேனே. வக்கீலையும் பாத்தேன். கையெழுத்து அவன் போட்டது. சரி, கேஸ் ஜெயிச்சுக் கம்பெனியை இழுத்து மூடிட்டாங்கன்னே வெச்சுக்க. அப்பறம் மிச்சப் புள்ளியை எவன் குடுப்பான்? ஆறோட நிப்பான் எம்பட பையன். நாலோட நிப்பான் உம்பட மாப்ள."

"வினோதினிக்கு இது தெரியுமா?"

"ஊர்ல கலாட்டா அதிகமாயிருச்சு, அதான் காவலுக்கு நெறைய பேரு கேக்கறாங்கன்னு மேல சொல்லிட்டிருக்கா. கலாட்டா ஏன் அதிகமாச்சுன்னு கேக்க மாட்டா. கேட்டா தெரிஞ்சு போயிருமில்ல." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த ஆபீஸ்ல பாதிப் பேருக்கு மாடிப்படி தேவைப்படுது சாமி. நீ என்னையை மட்டும்தான் பாத்திருக்கற."

தனபால் போனை நீட்டினான். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"நேத்து மூணாம் வாசலுக்குக் கூட்டம் அனுப்புனதும் நான்தான். நீ வினோதினி ரூம்ல இருந்து வந்தப்போ உம்பட மூஞ்சியப் பாக்க முடியல. என்னையத் திட்டணும்னா திட்டிக்க."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். தோள் உடைந்தவனின் மனைவியைச் சொல்ல வேண்டும், காலிக் குடங்களைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். வெளியே வந்தது வேறு.

"அடுத்ததுக்கு ரெண்டு மடங்கு வேணுமுங்ணா."

இஞ்ஞாசி முகத்தில் ஆச்சரியம் இல்லை. "அப்போ ஒரு தெரு பத்தாது," என்றார். "போனை வெச்சுக்க. நீயே எழுது. உனக்குத்தான் மூணாம் வாசல் நல்லாத் தெரியும்."

தனபால் படியில் உட்கார்ந்து எழுதினான். கற்றுக்குட்டிகள் மாதிரி எல்லாவற்றையும் கோபத்தில் கொட்டவில்லை. வெறும் கோபம் பத்து இளவட்டங்களைத்தான் கிளப்பும், அவர்களும் பாதி வழியில் டீக்கடையில் நின்றுவிடுவார்கள். கொஞ்சம் பயம் வேண்டும், கொஞ்சம் ஆசை வேண்டும், உடனே கிளம்ப ஒரு அவசரம் வேண்டும். 'மிச்சத் தண்ணீர் முழுவதையும் மில்லுக்கு விற்றுவிட்டார்கள். இன்று மூன்று மணிக்குக் கடைசி லாரிகள் கிளம்புகின்றன. நேரில் வருகிறவர்களுக்கு வீட்டுக்கு இருபது குடம் தரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. மறைக்கப் பார்க்கிறார்கள். குடத்தோடு வாருங்கள்.'

"பொம்பளைங்க வருவாங்களேப்பா," என்றார் இஞ்ஞாசி, தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு.

"வந்தாத்தான் கூட்டம் சேரும்."

எந்தெந்த ஊர் என்று சொல்லாவிட்டால் யாரும் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நிலையத்துத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் ஊர்களை வரிசையாகச் சேர்த்தான். சூலூர், பட்டணம், இருகூர், ராவத்தூர், ஒண்டிப்புதூர். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்று சரிபார்த்தபின் அனுப்பினான்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேஜைக்கு வந்து உட்கார்ந்து மூன்றாம் வாசலைத் திறந்தான். மருதன் தனியாக நின்றிருந்தான். தனபாலின் சொந்தப் போன் அதிர்ந்தது. மேகலாவிடமிருந்து குரல் செய்தி. பின்னணியில் ஒரே இரைச்சல், வேன் சத்தம், குடங்கள் மோதும் சத்தம்.

"ண்ணா, தண்ணி குடுக்கறாங்களாமா, எங்க தெருவே கெளம்பிருச்சு. நானும் வண்டியேறிட்டேன். அவரு நிக்கற கேட்டுதான் அது. அடிப்பாங்கன்னு பக்கத்து ஊட்டு அக்கா பயப்படறாங்க. எம்பட வீட்டுக்காரரு நிக்கறப்போ எனக்கென்னக்கா பயம்னுட்டேன். காலைலயே பேச ஆரம்பிச்சுட்டாரு, இப்ப என்னையப் பாத்தா இன்னும் நாலு வார்த்தை பேசுவாரு பாருங்க."

தனபால் அவளைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டான். இரைச்சலில் கேட்காது. மருதனை நிறுத்த ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று திரை முழுக்கத் தேடினான். வார்க்கத்தான் அவனுக்கு அதிகாரம், நிறுத்த இல்லை. வினோதினியின் அறையைப் பார்த்தான், பூட்டியிருந்தது. இஞ்ஞாசியைத் திரும்பிப் பார்த்தான். அவர் தன் திரையில் பெட்ரோல் கிடங்கு வாசலைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு எதிரே பூதங்கள் நிறைய ஆரம்பித்தன. இதுவரை இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை, ஒரே அச்சு. திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினான்.

மருதன் தடியை உயர்த்தினான். கூட்டம் தயங்கி நின்றது.

ஒரு பூதம் மட்டும் விலகி, பயமே இல்லாமல், அவனை நோக்கி நேராக நடந்து வந்தது.